உப்புத்துறை அலுவலர் அ. மாதவையா

தமிழில் நாவல் என்னும் இலக்கிய வகைக்கு அடிகோலியவர்கள் என மூவரைச் சொல்லுவது மரபு. மாயூரம் வேதநாயகம் பிள்ளை, வத்தலக்குண்டு ராஜமய்யர், பெருங்குளம் மாதவையா ஆகியோரே அம்மூவர். முன்னவர் இருவரையும் நம்மவர் பலர் அறிவர். மூன்றாமவரைப் பற்றிக் கேட்டால், பத்மாவதி சரித்திரம் எழுதியவர் என்ற அளவில் விடை கிடைக்கும். சற்றுக் கூடுதலாகப் படித்தவர்கள், ஒரு பாட்டுப் போட்டியில் மகாகவி பாரதியாரையே முந்தி முதற் பரிசு பெற்றவர் அல்லவா என்று சொல்லி வியப்பார்கள். அந்தப் போட்டி உண்மையாக நடந்ததுதான். 1914-ஆம் ஆண்டில் தேசியப் பாடல்களுக்கென அது நடந்தது. பாரதியார் அதில் கலந்துகொண்டார், மாதவையாவும் கலந்துகொண்டார், மாதவையாவின் இந்தியக் கும்மி முதற் பரிசைப் பெற்றது. ஆயினும், ஐம்பத்து மூன்று ஆண்டுகள் வாழ்ந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதிய ஒருவரை ஒரே ஒரு பரிசை வைத்து அளப்பது முறையாகுமா? நம் சங்கத்தின் ஆண்டு விழாவிலும் பாட்டெழுதும் போட்டி உண்டு. பரிசு கிட்டாதவர் முகம் மூன்று நாள் வாடியிருப்பதும் உண்டு. ஆகவே இவ்வாண்டு மலருக்கு மாதவையாவின் வரலாறு பொருந்தும் என எண்ணி எழுதத் துணிந்தேன்.

திருநெல்வேலிச் சீமையில், தாமிரபரணிப் பாசனம் பாயும் வயல்களுக்கு நடுவே அமைந்தது பெருங்குளம் என்னும் சிற்றூர். ஸ்ரீவைகுண்டத்துக்கு அண்மையில் உள்ள இவ்வூர் திருக்குளந்தை என்ற பெயரால் நவதிருப்பதிகளுள் ஒன்றாகப் போற்றப்படுவது. இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் சேர்ந்திருக்கிறது. இவ்வூரில் 1872-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16-ஆம் நாள் மாதவையா பிறந்தார். வைதிகப் பழக்கங்கள் சிறிதும் தளராத அந்தணக் குடும்பம். அக்கால வழக்கப்படி பதினைந்து வயதிலேயே அவருக்கு மணமும் முடிந்தது. மணமகள் மீனாட்சிக்கு அப்போது பதினொன்று. குழந்தை மணத்தை எதிர்த்துப் பிற்காலத்தில் பக்கம் பக்கமாக எழுதிய மனிதர், அதன் உள்ளிருந்தே புறப்பட்டு வந்தவர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நூலில் படித்துத் தெரிந்துகொண்ட சீர்திருத்தம் ஒன்று. வீட்டுத் திண்ணையிலும் அடுக்களையிலும் கண்டு நெஞ்சு நொந்து வந்த சீர்திருத்தம் மற்றொன்று. மாதவையாவினது இரண்டாவது வகை.

உள்ளூர்ப் பக்கத்துப் படிப்பு முடிந்தபின் சென்னைக்கு வந்து கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். கல்லூரி இன்றுள்ள தாம்பரத்துக்கு 1937-இல்தான் இடம் பெயர்ந்தது. மாதவையா படித்த நாளில் அது பாரிமுனைக்கு அருகே, வண்டிகளும் வணிகர்களும் நெருங்கிய நகரப் பகுதியில் இருந்தது. வில்லியம் மில்லர் என்னும் பேராசிரியர் அதன் தலைவர். அந்தக் கல்லூரி தமிழுக்குச் செய்த தொண்டை இங்கே ஒரு சொல் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. பரிதிமாற் கலைஞர் எனத் தம் பெயரைத் தமிழாக்கிக் கொண்ட வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் அங்கே படித்து அங்கேயே தமிழாசிரியரானவர். கமலாம்பாள் சரித்திரம் எழுதிய ராஜமய்யரும் அங்கே படித்தவரே. மாதவையா பிறந்த அதே 1872-இல் பிறந்தவர். ராஜமய்யர் 1898-இல் இருபத்தாறு வயதிலும், சாஸ்திரியார் 1903-இல் முப்பத்து மூன்று வயதிலும் மறைந்தனர். மூவருள் ஐம்பதைக் கண்டவர் மாதவையா ஒருவரே.

1892-இல் பி. ஏ. தேர்வில் சிறப்பாகத் தேறினார். சிலகாலம் அக்கல்லூரியிலேயே ஆசிரியராகவும் இருந்தார். அப்படியே தொடர்ந்திருந்தால் தமிழ்நாட்டுக்கு ஒரு நல்ல பேராசிரியர் கிடைத்திருப்பார். ஆனால் குடும்பம் என்று ஒன்று இருக்கிறதே! அக்காலத்தில் படித்த இளைஞர்களின் கண்ணெல்லாம் சர்க்கார் உத்தியோகத்தின் மேல்தான். உப்பு, ஆப்காரி இலாகாவுக்கு ஆள் எடுக்கும் தேர்வு எழுதி அதில் வென்று, அந்த இலாகாவில் அலுவலராகச் சேர்ந்தார். 1922-இல் தாமே விரும்பி ஓய்வு பெறும் வரையில் ஏறக்குறைய முப்பதாண்டுகள் அந்த வேலைதான் அவருக்குச் சோறு போட்டது.

உப்பு இலாகா என்றால் என்ன என்பதை இக்கால இளைஞர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். கடல்நீரைப் பாத்திகளில் கட்டி, வெயிலில் காயவைத்து, விளைந்த உப்பை வாரிக் கரையில் குவிப்பார்கள். அந்தக் குவியலிலிருந்து ஒரு மூட்டை வெளியே போக வேண்டுமானாலும் அதற்கு எடை போட்டு, வரி வாங்கி, சீட்டுக் கொடுத்தாக வேண்டும். சர்க்காரின் அனுமதியில்லாமல் எவரும் உப்பு விளைவிக்கலாகாது. சதுப்பு நிலத்தில் தானாகப் பூத்த உப்பைக்கூட ஏழைகள் சுரண்டி எடுத்துப் போகாதபடி காவல் காப்பதும், அதை அழித்துவிடுவதும் இலாகாவின் வேலை. 1888-இல் மணங்கு ஒன்றுக்கு இரண்டரை ரூபாய் என உயர்ந்த வரி, 1903-இல் இரண்டு ரூபாயாகவும், 1905-இல் ஒன்றரை ரூபாயாகவும், 1907-இல் ஒரு ரூபாயாகவும் படிப்படியாகக் குறைந்தது. 1916-இல் மறுபடியும் ஏறிற்று. ஆப்காரி என்பது கள், சாராயம் ஆகியவற்றின் மீதான தீர்வை. ஆக, ஏழையின் கஞ்சிக்கு வேண்டிய உப்பும், ஏழையின் கூலியைப் பறிக்கும் கள்ளும் ஒரே இலாகாவின் கணக்கில் வரவு வைக்கப்பட்டன. அந்தக் கணக்கின் நடுவே மாதவையா உட்கார்ந்திருந்தார். அரசாங்கத்தின் உப்பைத் தின்றவர் என்று நாம் பேச்சு வழக்கில் சொல்லுவது அவர் வரையில் சொல்லுக்குச் சொல் பொருந்தும்.

நான் ரயில்வேயில் சரக்குப் பிரிவில் பல ஆண்டுகளாக எழுத்தர் வேலை பார்க்கிறவன். உப்பு ஏற்றிய வேகன்களுக்கு நானும் ரசீது எழுதியிருக்கிறேன். மாற்றல் உத்தரவு வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவது என்ன என்பதும் தெரியும். பகல் முழுதும் எண்களோடு மல்லாடிவிட்டு வீடு திரும்புகிறவனுக்கு ஒரு கடிதம் எழுதவே கை வருவதில்லை. மாதவையாவோ அந்த உத்தியோகத்தில் இருந்துகொண்டே தமிழிலும் ஆங்கிலத்திலுமாக நாவல், சிறுகதை, பாட்டு, நாடகம், கட்டுரை, குழந்தைகளுக்கான நூல்கள் எனக் குவித்திருக்கிறார். மேலதிகாரிகள் வெள்ளையர். எழுதும் பொருளோ ஊர் பெரியவர்களுக்குக் கசப்பானது. இரு பக்கத்திலும் இடி உண்டு. எனக்கு அவர் மீது மதிப்பு உண்டானது முதலில் இந்தக் காரணத்தால்தான். நூல்களைப் படித்தது பின்னால்.

அவர் எழுதத் தொடங்கிய கதையைப் பார்ப்போம். 1892-இல் சி. வி. சுவாமிநாத ஐயர் நடத்திய விவேக சிந்தாமணி என்னும் மாதப் பத்திரிகையில் சாவித்திரியின் கதை ஒன்றைத் தொடராக எழுத முற்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபது. அத்தொடர் பாதியில் நின்றுபோயிற்று. நின்றதை அவர் மறக்கவில்லை. பதினோர் ஆண்டுகள் கழித்து, 1903-இல், அதை முடித்து முத்துமீனாட்சி என்னும் பெயரில் நூலாக்கினார். சிறுமியாய் மணமாகி, மாமியார் வீட்டில் துன்புற்று, இளம் வயதிலேயே கைம்பெண்ணாகிய ஒரு பெண் தன் வாழ்க்கையைத் தானே சொல்லுவதாக அமைந்த கதை அது. பெண்ணின் வாயால் பெண்ணின் துயரைச் சொல்ல வைத்ததோடு அவர் நின்றுவிடவில்லை. அவளுக்கு மறுமணமும் செய்து வைத்துக் கதையை முடித்தார். கைம்பெண்ணின் தலையை மழித்து மூலையில் உட்கார வைத்த சமுதாயத்தில், அதே சமுதாயத்தைச் சேர்ந்த ஒருவர், அதுவும் பெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு உறவினரின் முகத்தில் விழிக்க வேண்டிய ஒருவர், இவ்வாறு எழுதினார் என்றால் அதன் துணிச்சல் இன்று நமக்கு எளிதில் விளங்காது.

இதற்கு இடையே 1898-இல் பத்மாவதி சரித்திரத்தின் முதற் பாகமும், 1899-இல் இரண்டாம் பாகமும் வெளிவந்தன. பெருங்குளத்தில் பிறந்தவர் கதையில் வரும் ஊருக்குச் சிறுகுளம் என்று பெயர் வைத்தது ஒரு வேடிக்கை. சிறுகுளத்து நாராயணன் வறுமையில் வளர்ந்து, சென்னைக்குச் சென்று கல்லூரியில் படிக்கிறான், பத்மாவதியை மணக்கிறான், பின்பு வீண் ஐயத்தால் தன்னையும் அவளையும் வருத்துகிறான். கதை இவ்வளவுதான். ஆனால் கிராமத்து அக்கிரகாரப் பேச்சும், பட்டணத்து மாணவர்களின் வாழ்வும் நாடகப் பித்தும் அதில் கண்ணாடியில் பார்ப்பதுபோல் தெரிகின்றன. இடையிடையே ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டு நமக்கு அறிவுரை சொல்லத் தொடங்கிவிடுவார். அது ஒரு குறைதான். அந்நாளைய நாவலாசிரியர் எல்லோருக்கும் அப்பழக்கம் இருந்தது. ராஜமய்யரின் நகைச்சுவை மாதவையாவுக்கு வாய்க்கவில்லை என்பதும் என் எண்ணம். ஆனால் பெண்கள் படிக்க வேண்டும் என்பதில் இவருக்கிருந்த பிடிவாதம் வேறு எவருக்கும் அந்நாளில் இல்லை.

விஜயமார்த்தாண்டம் என்ற நாவலும் 1903-இல் வந்ததே. ஆங்கிலத்திலும் எழுதினார். தில்லை கோவிந்தன் என்னும் ஆங்கில நாவல் அதே ஆண்டில் வெளிவந்து, 1916-இல் லண்டனில் மறுபதிப்புக் கண்டது. கிராமத்துப் பையன் ஒருவன் ஆங்கிலப் படிப்புப் படித்துப் பழைய நம்பிக்கைகளுக்கும் புதிய எண்ணங்களுக்கும் நடுவே தத்தளிப்பதே அதன் பொருள். ஆசிரியரின் சொந்த வாழ்வின் சாயல் அதில் நிறைய உண்டு. 1915-இல் வந்த கிளாரிந்தா வரலாற்று நாவல். தஞ்சையைச் சேர்ந்த மராட்டிய அந்தணக் கைம்பெண் ஒருத்தி கிறிஸ்தவ சமயம் தழுவிப் பாளையங்கோட்டையில் 1785-ஆம் ஆண்டில் கோயில் எழுப்பினாள் என்பது சரித்திரம். அந்தக் கோயில் இன்றும் இருக்கிறது. அதைக் கதையாக்கினார் மாதவையா. கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் மதம் மாறாதவர், மதம் மாறிய ஒரு பெண்ணின் கதையை இகழ்ச்சி சிறிதுமின்றிப் பரிவோடு எழுதினார். குசிகர் என்ற புனைபெயரில் ஹிந்து பத்திரிகையில் ஆங்கிலச் சிறுகதைகள் எழுதினார். பின்னாளில் அவற்றைத் தாமே தமிழாக்கிக் குசிகர் குட்டிக் கதைகள் என வெளியிட்டார். வரதட்சிணை, குழந்தை மணம், கைம்மைக் கொடுமை, சாதிச் செருக்கு ஆகியவை அக்கதைகளின் இலக்குகள்.

இனிப் பாட்டுப் போட்டிக்கு வருவோம். கதைக்காரராகப் பெயர் பெற்றவர் பாட்டுப் போட்டியில் ஏன் புகுந்தார் என்று சிலர் கேட்கக்கூடும். மாதவையாவுக்குப் பாட்டு புதிதன்று. அதே 1914-இல் பொது தர்ம சங்கீத மஞ்சரி என்னும் இசைப்பாட்டு நூல் ஒன்றையும் வெளியிட்டார். எந்தச் சமயத்தவரும் பாடக்கூடிய பொதுவான நல்லொழுக்கப் பாடல்கள் வீட்டிலும் பள்ளியிலும் வழங்க வேண்டும் என்பது அவர் விருப்பம். பின்னாளில் புதுமாதிரிக் கல்யாணப் பாட்டு என்றும் ஒரு நூல் செய்தார். நாவலைப் படிக்க எழுத்தறிவு வேண்டும். பாட்டுக்கு அது வேண்டுவதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களிடம் ஒரு கருத்தைக் கொண்டு சேர்ப்பதற்குப் பாட்டைவிட வேறு வாகனம் ஏது?

கால நிலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1905-இல் வங்காளத்தைப் பிரித்த நாள் முதலாக நாடெங்கும் கூட்டங்களில் பாடுவதற்குப் பாட்டுத் தேவைப்பட்டது. வந்தே மாதரம் ஊர்தோறும் ஒலித்தது. 1911-ஆம் ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் மகாசபையில் ரவீந்திரநாதரின் ஜன கண மன முதன்முறையாகப் பாடப்பட்டது. தமிழில் பாரதியார் 1908-இலேயே சுதேச கீதங்கள் என்ற நூலை வெளியிட்டிருந்தார். இந்தச் சூழலில்தான் தேசியப் பாடல்களுக்கென ஒரு போட்டி வந்தது.

போட்டியில் கலந்துகொண்ட இருவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விந்தையாக இருக்கிறது. இருவரும் பழைய திருநெல்வேலி ஜில்லாக்காரர்கள். ஒருவர் பெருங்குளம், மற்றவர் எட்டயபுரம். மாதவையாவுக்கு வயது நாற்பத்திரண்டு, பாரதியாருக்கு முப்பத்தொன்று. ஒருவர் பிரிட்டிஷ் சர்க்காரின் சம்பளப் பட்டியலில் இருந்தார். மற்றவர் அதே சர்க்காரின் கண்காணிப்புப் பட்டியலில் இருந்தார். 1908-இல் புதுச்சேரி புகுந்த பாரதியார் 1918 நவம்பர் வரையில் அங்கேதான் இருந்தார். அவருடைய இந்தியா பத்திரிகை பிரிட்டிஷ் எல்லைக்குள் வரக்கூடாதென்று தடுக்கப்பட்டு 1910-இல் நின்றுவிட்டது. வீட்டைச் சுற்றி ஒற்றர்கள். வரும் கடிதமும் போகும் கடிதமும் பிறர் கண்ணில் பட்டே சேர்ந்தன. பாஞ்சாலி சபதத்தின் முதற் பாகத்தையும், கண்ணன் பாட்டையும், குயிற் பாட்டையும் எழுதி முடித்திருந்த கவிஞர், உலையேற்ற அரிசி இல்லாத நாட்களைக் கடந்துகொண்டிருந்த காலம் அது. பரிசுப் பணம் மாதவையாவுக்கு ஒரு மகிழ்ச்சி. பாரதியாருக்கோ அது வீட்டு அரிசி. இதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது.

ஆனால் அந்தக் கனத்தை மாதவையாவின் தலையில் ஏற்றுவது நியாயமன்று. அவர் எவரையும் வெல்லப் போகவில்லை. ஒரு பாட்டெழுதி அனுப்பினார். சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர் நாட்டைப் பற்றிப் பாட்டெழுதிப் போட்டிக்கு அனுப்புவது அந்நாளில் பாதுகாப்பான செயலன்று என்பதையும் கவனிக்க வேண்டும். நடுவர்களைத் திட்டுவோரும் உண்டு. மகாகவியை அடையாளம் காணத் தெரியாத குருடர்கள் என்பார்கள். எனக்கு அவ்வளவு உறுதியில்லை. போட்டியின் நடுவர் நூறாண்டுக்குப் பின் வரும் புகழை நிறுத்துப் பார்ப்பவர் அல்லர். கையிலுள்ள தாளில் இருப்பதைத்தான் பார்க்க முடியும். மாதவையா தேர்ந்துகொண்ட வடிவமோ கும்மி. பெண்கள் வட்டமாக நின்று, சுற்றி வந்து, கைகொட்டிப் பாடுவது. அதற்கு வித்துவான் வேண்டாம், வாத்தியம் வேண்டாம், மேடை வேண்டாம். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் எந்தத் தெருவிலும் கும்மியடிக்க ஐந்தாறு பெண்கள் இருந்தால் போதும். இந்தியா என்னும் பெருநாட்டைப் பற்றிய பாட்டை அந்தத் தெருக் கும்மிக்குள் கொண்டுவந்து வைத்தது, பெண்களுக்காகவே வாழ்நாளெல்லாம் எழுதியவரின் இயல்புக்கு ஒத்த செயல். நடுவர்கள் அதை விரும்பியிருந்தால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

பின்பு நடந்ததை எல்லோரும் அறிவோம். பரிசு பெற்ற கும்மியை இன்று நம் காலனியில் பாடத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. வயதான அம்மையார் சிலரிடம் நான் கேட்டுப் பார்த்தேன். பாரதியின் பாட்டையோ நம் குழந்தைகள் தமிழெழுத்துக் கற்பதற்கு முன்பே பாடுகிறார்கள். பாட்டுக்கு ஆயுள் எங்கிருந்து வருகிறது என்பதை எந்தப் போட்டியும் முன்கூட்டிக் கண்டதில்லை போலும். 1891-இல் மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை தம் நாடகத்தின் தொடக்கத்தில் வைத்த தமிழ்த் தெய்வ வணக்கம் எந்தப் போட்டிக்கும் போகவில்லை. ஏறக்குறைய எண்பதாண்டுகள் கழித்து 1970-இல்தான் அது தமிழ்நாட்டு அரசு விழாக்களில் ஒலிக்கும் வாழ்த்தாயிற்று.

மாதவையாவும் பரிசோடு பாட்டை மூட்டை கட்டி வைத்துவிடவில்லை. தேசியப் பாடல்களை அதன் பிறகும் எழுதிக்கொண்டிருந்தார். புத்தர் பெருமானின் வரலாற்றைச் சித்தார்த்தன் என்ற பெயரில் எழுதி 1918-இல் வெளியிட்டார். சிறுவர்களுக்காகப் பால ராமாயணமும், பால வினோதக் கதைகளும் தந்தார். மணிமேகலையின் கதையை ஆங்கிலம் படிப்போர் அறியும்படி எழுதினார்.

1922-இல் ஓய்வு பெற்றதும் பிறர் செய்வதுபோல் ஊரோடு போய் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மயிலாப்பூரில், அந்நாளில் எட்வர்டு எலியட்ஸ் சாலை என வழங்கி இப்போது டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை எனப்படும் தெருவில் இருந்த அவர் வீட்டுக்குப் பெருங்குளம் ஹவுஸ் என்று பெயர். பிறந்த ஊரைப் பெயர்ப்பலகையில் எழுதி வைத்துக்கொண்டு வேற்றூரில் வாழ்வது என்னவென்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொந்தமாக ஓர் அச்சுக்கூடமும் பதிப்பகமும் ஏற்படுத்தினார். 1924-இல் பஞ்சாமிர்தம் என்னும் மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். சேமிப்பும் உழைப்பும் அதில் கரைந்தன. கால் நூற்றாண்டுக்கு முன்பு விட்ட பத்மாவதி சரித்திரத்தின் மூன்றாம் பாகத்தை அதில் தொடராக எழுதலானார். விட்ட கதையைப் பல்லாண்டு கழித்தும் எடுத்து முடிக்கும் பழக்கம் அவருக்கு முன்பே இருந்ததைக் கண்டோம். ஆனால் இம்முறை அது கைகூடவில்லை.

அவர் விட்டு வந்த உப்பு இலாகாவில், அவர் ஓய்வு பெற்ற மறு ஆண்டே, 1923-இல், வரி பழையபடி மணங்குக்கு இரண்டரை ரூபாய் ஆயிற்று. 1930-இல் காந்தியடிகள் தண்டிக்கு நடந்ததையும், ராஜாஜி வேதாரணியத்துக்குத் தொண்டர் படையை நடத்திச் சென்றதையும் காண மாதவையா இல்லை. இருந்திருந்தால் அந்தப் பழைய அலுவலர் என்ன எழுதியிருப்பார் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

அவருடைய இறுதி நாளைச் சொல்ல வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் சபையில் அவர் உறுப்பினராக இருந்தார். பல்கலைக்கழகத்தில் தமிழின் நிலை அப்போது பரிதாபமானது. ஆங்கிலம் இல்லாமல் பட்டம் கிடையாது; தாய்மொழி இல்லாமல் பட்டம் கிடைக்கும். 1902-இலேயே தாய்மொழிகளைப் பாடத்திட்டத்திலிருந்து அகற்றும் முயற்சி எழுந்தபோது பரிதிமாற் கலைஞரும் பூரணலிங்கம் பிள்ளையும் எதிர்த்து நின்றார்கள். அவர்களுடைய வழியில், இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், அதே கல்லூரியில் படித்த மாதவையா எழுந்தார். பி. ஏ. வகுப்பில் தமிழ் கட்டாய பாடமாக வேண்டும் என்பது அவர் கோரிக்கை. நூல்களில் பாதியை ஆங்கிலத்தில் எழுதிப் புகழ் பெற்றவர் இதைக் கேட்டார் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலம் தெரியாததால் தமிழுக்கு வாதாடுகிறார் என்று எவரும் அவரைச் சொல்லியிருக்க முடியாது.

1925-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 22-ஆம் நாள், கடற்கரையை நோக்கி நிற்கும் செனட் மாளிகையில் கூட்டம் நடந்தது. மாதவையா தமிழுக்காகப் பேசினார். பேச்சை முடித்தார். முடித்த சிறிது நேரத்தில், அந்த மண்டபத்திலேயே, அவர் உயிர் பிரிந்தது. பிள்ளைகளுள் சிலர் இன்னும் சிறுவர்கள். பஞ்சாமிர்தம் அவருக்குப் பின் நிலைக்கவில்லை. பத்மாவதியின் மூன்றாம் பாகம் முடியாமலே நின்றது.

எழுத்து மட்டும் அந்தக் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. அண்ணன் மகன் பெ. நா. அப்புஸ்வாமி தமிழில் விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதுவதையே வாழ்நாள் தொண்டாகக் கொண்டு 1986 வரையில் வாழ்ந்தார். மகன் அனந்தநாராயணன் ஐ. சி. எஸ். தேறிச் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக விளங்கியவர். தந்தையைப் போலவே உத்தியோகத்தின் நடுவில் ஆங்கில நாவல் ஒன்றை எழுதி 1961-இல் வெளியிட்டார். கடைசி மகன் கிருஷ்ணனுக்குத் தந்தை இறந்தபோது வயது பதின்மூன்று. காடுகளையும் விலங்குகளையும் பறவைகளையும் பற்றி எழுதியும் படம் பிடித்தும் இந்தியா முழுதும் பெயர் பெற்றவர் அவர்தான். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950-இல் தொடங்கிய தம் இயற்கைப் பத்தியை நாற்பத்தாறு ஆண்டுகள் விடாமல் எழுதினார். 1996 பிப்ரவரி 18-ஆம் நாள் அவர் இறந்தபோது, அன்றைய இதழிலும் அவருடைய பத்தி வெளிவந்திருந்தது.